தோட்டத்தில் ஓஹியா லெஹூவா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹவாய் தீவுகளின் இயற்கைக் காடுகளில் ஏறத்தாழ 80 சதவீதம் ஓஹியா மரம் மேலோங்கிய காடுகள்தான். மரத்துக்கு ஓஹியா என்றும் அதன் சிவப்புப் பூவுக்கு லெஹூவா என்றும் பெயர். ஹவாயில் வீடு கட்டிக் குடியேறுகிறவர்கள், தோட்டத்தில் ஏற்கெனவே ஓஹியா நிற்கும் நிலத்தை வாங்குகிறவர்கள், நாற்று வாங்கி நட நினைக்கிறவர்கள் ஆகியோருக்காக இந்தப் பக்கம். வேர்களுக்குக் காற்று கிடைக்க வேண்டும், பட்டையில் காயம் படக்கூடாது. ஓஹியா வளர்ப்பு இந்த இரண்டில்தான் அடங்கியிருக்கிறது. கீழே உள்ள பதில்களில் பாதி, ஏதோ ஒரு வகையில், இவற்றைப் பற்றியவையே.

ஓஹியா எப்படிப்பட்ட மரம்?

என்றும் பசுமையானது, மெதுவாக வளர்வது, நீண்ட ஆயுள் கொண்டது. தாவரவியல் பெயர் மெட்ரோசிடெரோஸ் பாலிமார்ஃபா. ஹவாயைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வளர்வதில்லை. எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பாறையில் முதலில் முளைக்கும் மரங்களில் ஒன்று. மண்ணே இல்லாத வெடிப்புகளில் வேர் இறக்கி நிற்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,500 மீட்டர் உயரம் வரை காணலாம். ஈரக் காட்டில் 20 மீட்டருக்கு மேல் ஓங்கும் இதே இனம், கவாய் தீவின் சதுப்பு நிலங்களில் முழங்கால் உயரம்கூட எட்டாமல் பூக்கிறது. தோட்டத்தில் பொதுவாக 4 முதல் 8 மீட்டர் வரை எதிர்பார்க்கலாம்.

பூவில் இதழ்கள் கண்ணில் படாது. நாம் பார்க்கும் சிவப்பு முழுவதும் மகரந்தத் தாள்களின் நிறம். சிவப்பே அதிகம். ஆரஞ்சு, வெளிர் சிவப்பு, மஞ்சள் பூக்கும் மரங்களும் உண்டு. கொய்யா, நாவல், கிராம்பு, யூக்கலிப்டஸ் எல்லாம் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் தெருவோரம் தொங்கும் பாட்டில் பிரஷ் மரமும் அப்படியே. பூவின் ஒற்றுமைக்குக் காரணம் அதுதான்.

என் தோட்டத்துக்கு எந்த வகை பொருந்தும்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் வாங்குவதால்தான் பல நாற்றுகள் இரண்டாம் ஆண்டில் நின்றுபோகின்றன. ஓஹியா ஒரே இனமானாலும், உயரத்துக்கும் மழைக்கும் ஏற்ப வேறு வேறு வடிவங்களாகப் பிரிந்திருக்கிறது. இலையைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். அடியில் சாம்பல் நிறப் பஞ்சு ரோமம் கொண்ட இலை என்றால் அது இன்கானா வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். தாழ்நிலம், புதிய எரிமலைப் பாறை, வெயில், குறைந்த மழை ஆகியவற்றை அது தாங்கும். இரண்டு பக்கமும் வழவழப்பான இலை கிளாபெரிமா வகைக்கு உரியது. அதற்கு ஈரமான மேட்டு நிலம் வேண்டும். தடித்த ரோமமும் சிறிய உருண்டை இலையும் கொண்ட பாலிமார்ஃபா வகை உயர் மலைக் குளிருக்குப் பழகியது.

கோனா பக்கத்துத் தாழ்வான வறண்ட நிலத்தில் மலைக்காட்டு வழவழப்பு வகையை நட்டால், கோடையில் இலை ஓரம் கருகும், துளிர் வராது. தண்ணீரைக் கூட்டினால் வேர் அழுகும். ஆகவே உங்கள் வீடு இருக்கும் உயரத்துக்கு அருகில் எடுத்த விதையிலிருந்து வளர்ந்த நாற்றைக் கேட்டு வாங்குங்கள். ‘தாய் மரம் எந்த உயரத்தில் நிற்கிறது?’ என்று கேட்டால் நல்ல நாற்றங்கால்காரர் உடனே சொல்வார்.

ஒவாஹு தீவில் சிறிய தோட்டம் உள்ளவர்கள் லெஹூவா ஆஹிஹியையும் பார்க்கலாம். இது ஓஹியாவின் நெருங்கிய உறவான தனி இனம். ஒவாஹுவுக்கே உரியது. குறுகிய இலை, சிவந்த காம்பு, கச்சிதமான உருவம்.

காட்டிலிருந்து ஒரு கன்றைத் தோண்டி எடுத்து நடலாமா?

வேண்டாம். அரசுக் காடுகளில் அனுமதியின்றி எடுப்பது சட்டப்படி தவறு. தனியார் நிலத்தில் உரிமையாளர் சம்மதித்தாலும் கன்று பிழைப்பது அரிது. பாறை வெடிப்பில் ஓடிய வேரை முழுதாக எடுக்க முடியாது, அறுந்த வேர் ஒவ்வொன்றும் நோய் நுழையும் வாசல். பின்னால் சொல்லப்போகும் வாடல் நோய், வேரோடு வரும் மண்ணிலும் பயணம் செய்யும்.

ஒரு தீவில் வாங்கியதை இன்னொரு தீவுக்குக் கொண்டு போகலாமா?

ஹவாய் தீவிலிருந்து, அதாவது பெரிய தீவிலிருந்து, ஓஹியா நாற்று, கிளை, பூ, இலை, விறகு, மரத்துண்டு எதையும் அனுமதியும் பரிசோதனையும் இல்லாமல் மற்ற தீவுகளுக்கு எடுத்துச் செல்லக்கூடாது. மாநில வேளாண் துறையின் இந்தத் தடை 2015-இல் வந்தது. மண்ணுக்கும் கட்டுப்பாடு உண்டு. சட்டம் எதைத் தடுக்கிறது என்பதை ஒருபுறம் வைத்துவிட்டு, நீங்கள் வசிக்கும் தீவிலேயே வாங்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விதையிலிருந்து வளர்ப்பது எப்படி?

பொறுமை உள்ளவர்களுக்கு இதுவே சிறந்த வழி. தாய் மரத்தில் பெரிய காயம் ஏற்படாது. ஒவ்வொரு நாற்றும் மரபளவில் சற்று வேறாக இருக்கும். நோய் பரவும் காலத்தில் இந்த வேற்றுமை மிக முக்கியம்.

பூ உதிர்ந்தபின் காய் முற்றப் பல மாதங்கள் ஆகும். பச்சை நிறம் மங்கிப் பழுப்பாகி, நுனி வெடிக்கத் தொடங்கும் காய்களைக் கையால் கிள்ளி எடுங்கள். காகித உறையில் போட்டு நிழலில் நான்கைந்து நாள் வையுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் பூசணம் பிடிக்கும். காய் தானாகப் பிளந்து, மரம் அறுத்த தூள் போல விதை கொட்டும். அதில் பெரும்பகுதி கரு இல்லாத வெற்று விதை. அதனால் ஒரு தட்டுக்கு நூறு விதை போதும் என்று எண்ணாமல் தாராளமாகத் தூவுங்கள். கொட்டிய விதையை உடனே விதைப்பது நல்லது. வைத்திருக்க வேண்டுமென்றால் நன்றாக உலர்த்தி, காற்றுப்புகாத புட்டியில் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள்.

ஆழம் குறைந்த தட்டில் தேங்காய் நார்க்கழிவு அல்லது பீட் ஒரு பங்கு, பெர்லைட் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். மேலே அரை சென்டிமீட்டருக்குச் சலித்த நுண்ணிய எரிமலைச் சரளை பரப்பினால் பாசி குறையும். விதைப்பதற்கு முன்பே கலவையை முழுக்க நனைத்து வடிய விடுங்கள். விதையை மேலே தூவுவதோடு சரி. மண் போட்டு மூடக்கூடாது. முளைக்க ஒளி வேண்டும். விதையில் உணவு இருப்பும் இல்லாததால், மூடிய விதை மேலே வரும் முன்பே செத்துவிடும். பூவாளியால் ஊற்றினால் விதை எல்லாம் ஒரு மூலையில் ஒதுங்கும். ஆகவே நுண்துளித் தெளிப்பானால் நாளைக்கு இருமுறை தெளியுங்கள், அல்லது தட்டைத் தண்ணீரில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். மேலே கண்ணாடியோ தெளிந்த மூடியோ போட்டு, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு பச்சைப் புள்ளிகள் தோன்றும். முளைத்ததும் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து வையுங்கள். இந்தக் கட்டத்தில் நாற்றுகளைக் கொல்பவை மூன்று: காற்றோட்டமில்லாத ஈரத்தில் வரும் நாற்றழுகல், நாற்றை மூடி வளரும் பாசி, ஒரே இரவில் தட்டையே மொட்டையாக்கும் நத்தை. மூன்றுக்கும் பதில் மேற்பரப்பு லேசாகக் காய்ந்தபின் அடுத்த தெளிப்பு என்பதும், தட்டைத் தரையில் வைக்காமல் மேசையில் வைப்பதும்தான்.

முதல் சில மாதங்கள் எதுவுமே நடக்காதது போலத் தோன்றும். உரத்தை அள்ளிப் போட்டு அவசரப்படுத்தாதீர்கள். மூன்று நான்கு ஜோடி இலை வந்தபின், மூங்கில் சிம்பால் வேரோடு நெம்பி, இலையை மட்டும் பிடித்துத் தூக்கிக் குழித்தட்டுக்கு மாற்றுங்கள். தண்டைப் பிடித்தால் நசுங்கிவிடும். அங்கே வேர் நிறைந்ததும் 10 சென்டிமீட்டர் தொட்டி, பிறகு ஒரு காலன் தொட்டி. விதை போட்ட நாளிலிருந்து தரையில் நடும் அளவுக்கு வர ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும்.

குச்சி நட்டு வளர்க்க முடியாதா?

முடியும். மஞ்சள் பூ போன்ற குறிப்பிட்ட நிறத்தை உறுதியாகப் பெற இதுவே வழி, ஏனெனில் விதை நாற்றில் தாயின் நிறம் வரும் என்று சொல்ல முடியாது. 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமுள்ள கிளை நுனியை எடுங்கள். அடி சற்று மரத்தன்மை பெற்றிருக்க வேண்டும், நுனியில் மொட்டு இருக்கக்கூடாது. கீழ் இலைகளை நீக்கி, ஐபிஏ (இண்டோல் பியூட்டிரிக் அமிலம்) கலந்த வேர் ஊக்கியில் தொட்டு, பெர்லைட் மிகுந்த கலவையில் செருகி, தொடர்ந்து நுண்துளி ஈரத்தில் வைக்க வேண்டும். வேர் பிடிக்க இரண்டு முதல் நான்கு மாதம் ஆகலாம். எல்லா மரமும் இணங்காது. சில மரங்களின் குச்சி பத்தில் ஒன்றுகூட வேர் விடாது. விண்பதியனும், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடச் செய்வதும், போடலாம், ஆனால் பட்டையை வளையமாக உரிக்க வேண்டியிருக்கும். வாடல் நோய் பரவியுள்ள இடங்களில் இந்த இரண்டு முறையையும் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒரு குச்சிக்காக நன்றாக இருக்கும் மரத்தில் காயம் உண்டாக்குவது தகாது.

எந்த இடத்தில், எப்படி நட வேண்டும்?

முழு வெயில் படும் இடம், அல்லது நாளில் குறைந்தது ஆறு மணி நேர வெயில். நிழலில் உயிரோடு இருக்கும், ஆனால் பூ குறையும். மண் சற்று அமிலமாகவும், நீர் விரைவாக வடிவதாகவும் இருக்க வேண்டும். பவளச் சுண்ணாம்பு மணல் நிலத்தில் இரும்புச் சத்து கிடைக்காமல் இளம் இலை வெளிறும். அங்கே மேட்டுப் பாத்தி கட்டி எரிமலைச் சரளை கலந்த மண் நிரப்பித்தான் நட வேண்டும்.

குழி தோண்டியதும் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் வடியாவிட்டால் வேறு இடம் தேடுங்கள், அல்லது 30 சென்டிமீட்டர் மேடு கட்டுங்கள். குழியின் அகலம் தொட்டியைப் போல இரு மடங்கு, ஆழம் தொட்டியின் ஆழமே. அடியில் தொழு உரம் நிரப்பி அதன்மேல் நடுவது பெரிய தவறு. உரம் மக்கி இறங்கும்போது மரமும் இறங்கும், தண்டின் கழுத்து மண்ணுக்குள் போய் அழுகும். தோண்டிய மண்ணையே, கட்டி உடைத்து, நான்கில் ஒரு பங்கு சரளை சேர்த்துத் திருப்பிப் போடுங்கள்.

தொட்டியிலிருந்து எடுக்கும்போது தண்டைப் பிடித்து இழுக்காதீர்கள். தொட்டியைச் சாய்த்துத் தட்டி எடுங்கள், அல்லது பக்கவாட்டில் வெட்டித் திறங்கள். வேர் வட்டமாகச் சுற்றியிருந்தால் தண்ணீரில் நனைத்து விரலால் மெல்லப் பிரித்து விடுங்கள். கத்தியால் கீறும் வழக்கம் மற்ற மரங்களுக்குச் சரி, ஓஹியாவுக்கு வேண்டாம். வேர்க்கட்டியின் மேல்மட்டம் சுற்றியுள்ள தரையைவிட ஓரிரு சென்டிமீட்டர் உயர்ந்தே இருக்கட்டும்.

தண்டைச் சுற்றி ஒரு மீட்டர் வட்டத்துக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் கனத்தில் மூடாக்கு போடுங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொடங்க வேண்டும். இந்த வட்டம் ஈரம் காக்க மட்டுமல்ல. புல் இல்லாவிட்டால் நைலான் கயிற்றுப் புல்வெட்டி மரத்தருகே வராது. வீட்டுத் தோட்டத்தில் ஓஹியாவுக்குக் காயம் ஏற்படுத்துவதில் அந்த இயந்திரத்துக்குத்தான் முதல் இடம். மூடாக்குக்குப் பயன்படுத்தும் மரச்சீவலில் ஓஹியா கலந்திருக்கக்கூடாது, எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள். முட்டுக் கம்பு தேவையில்லை. பலத்த காற்று அடிக்கும் இடமென்றால் தளர்வான துணிப்பட்டையால் கட்டி, ஓராண்டுக்குள் அவிழ்த்துவிடுங்கள். கம்பி வேண்டாம்.

மரத்துக்கு மரம் 3 முதல் 4 மீட்டர் இடைவெளி விடுங்கள். மின்கம்பிக்கு அடியில் நடாதீர்கள். இன்று அது சிறு செடி. இருபது ஆண்டு கழித்து மின்துறைக்காரர் உச்சியை வெட்டும்போது அந்தக் காயத்தோடு மரம் போய்விடும்.

தண்ணீர், உரம்?

நட்ட முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 8 முதல் 10 லிட்டர், வேர்க்கட்டி முழுதும் நனையும்படி மெதுவாக ஊற்றுங்கள். பிறகு ஓராண்டு வரை வாரம் ஒருமுறை. ஹிலோ போன்ற மழைப் பகுதியில் இதுவும் வேண்டியிராது. வேர் பிடித்தபின் அந்த உயரத்துக்குரிய வகையாக இருந்தால் மழையே போதும்.

ஓஹியா ஏழை மண்ணில் வாழப் பழகிய மரம். மெதுவாகக் கரையும் சமச்சீர் குருணை உரத்தை, பையில் எழுதியுள்ள அளவில் பாதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மூன்று ஆண்டு வரை இட்டால் போதும். கோழி எருவும் யூரியாவும் அதிகம் போட்டால் மெல்லிய துளிர் கொத்துக் கொத்தாக வரும், அதையே துரு நோய் தேடி வரும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறை. கீலேட் வடிவ இரும்பை (செடி எளிதில் உறிஞ்சும் வடிவம்) நீரில் கலந்து இலையில் தெளிக்கலாம்.

நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு ஓர் அடி முதல் இரண்டடி வளரும். மலைப் பகுதியில் அதுவும் குறையும். அதுதான் அதன் வேகம்.

தொட்டியில் வளருமா?

நன்றாக வளரும். அகலம் 40 சென்டிமீட்டருக்குக் குறையாத தொட்டி, பாதிக்குப் பாதி எரிமலைச் சரளை கலந்த மண், தடையில்லாத வடிகால் துளைகள். கீழே தட்டு வைத்துத் தண்ணீர் தேக்கக்கூடாது. தொட்டி சூடேறும் என்பதால் மாலை வெயில் நேராக அடிக்காத பக்கம் வையுங்கள். வெளிர்நிறத் தொட்டி நல்லது.

எத்தனை ஆண்டில் பூக்கும்? என் மரம் ஏன் பூக்கவில்லை?

குச்சியில் வளர்ந்த செடி சிறிதாக இருக்கும்போதே பூக்கும். விதை நாற்றுக்குப் பல ஆண்டு பிடிக்கும். ஆண்டின் எந்த மாதத்திலும் ஏதாவது ஒரு மரத்தில் பூ இருக்கும், ஆனாலும் பல இடங்களில் வசந்தத்திலும் கோடையிலும் உச்சம். மரம் வளர்ந்தும் பூக்கவில்லையென்றால் முதலில் நிழலைப் பாருங்கள், அடுத்து தழைச்சத்து மிகுந்த புல்தரை உரம் அதன் வேருக்குப் போகிறதா என்று பாருங்கள். மூன்றாவது காரணம் கவாத்து: மொட்டு கிளை நுனியில் வருவதால், உருண்டையாகக் கத்தரிக்கும் ஒவ்வொரு முறையும் பூ போகிறது.

பூக்கத் தொடங்கியதும் தேன் தேடி அபபானே என்ற சிவப்புப் பறவை மேட்டு நிலத் தோட்டங்களுக்கு வரும். ஹவாயின் மஞ்சள்முகத் தேனீக்களும் இந்தப் பூவை நம்பியிருக்கின்றன. இதற்காகவே பூச்சிக்கொல்லியைத் தவிர்க்க வேண்டும்.

இலையெல்லாம் கொப்புளமாக இருக்கிறது. மருந்து அடிக்க வேண்டுமா?

வேண்டாம். சில்லிட் என்ற மிகச் சிறிய பூச்சி உண்டாக்கும் முடிச்சுகள் அவை. ஹவாயிலேயே தோன்றி ஓஹியாவோடு சேர்ந்து வாழும் உள்ளூர்ப் பூச்சி. இலை பார்க்க அழகாக இராது, மரத்துக்குக் கேடில்லை.

துளிரில் மஞ்சள் பொடி படிந்திருக்கிறது. அது என்ன?

அது துரு நோய். ஆஸ்ட்ரோபுசினியா சிடியை என்ற பூஞ்சை. ஹவாயில் 2005-இல் கண்டறியப்பட்டது. கொய்யாக் குடும்பத்து மரங்களையே தாக்கும். அங்கே பன்னீர்ப்பழ மரங்களைப் பெருமளவு அழித்தது. வளர்ந்த ஓஹியா பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், ஆனால் நாற்றங்காலில் நெருக்கமாக வைத்த இளம் நாற்றுகளைத் துளிர் கருகச் செய்து கொல்லும். இரவு முழுக்க இலை ஈரமாக இருந்தால் நோய் பற்றும். ஆகவே காலையில் தண்ணீர் விடுங்கள், நாற்றுகளுக்கு இடையே காற்று போக இடம் விடுங்கள், பாதித்த நாற்றைப் பையில் மூடி அப்புறப்படுத்துங்கள்.

இந்தப் பூஞ்சையின் வேறு கடுமையான வகைகள் மற்ற நாடுகளில் உள்ளன. ஊரிலிருந்து திரும்பும்போது நாவல் கன்றையோ கொய்யா ஒட்டையோ பெட்டியில் வைத்து ஹவாய்க்குக் கொண்டுவர நினைப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஒரு இலையில் ஒட்டி வரும் பூஞ்சைத் தூள் ஒரு தீவின் காட்டைக் கெடுக்கப் போதுமானது.

ஓஹியா திடீர் மரணம் என்கிறார்களே, அது என்ன?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

2010 வாக்கில் பெரிய தீவின் பூனா பகுதியில், நேற்று வரை நன்றாக இருந்த மரங்கள் சில வாரங்களில் முழுதும் பழுப்பாகிச் சாவதை மக்கள் கவனித்தார்கள். 2014-இல் காரணம் செராட்டோசிஸ்டிஸ் பூஞ்சை என்று உறுதியானது. 2018-இல் அது இரண்டு புதிய இனங்கள் என்று விவரிக்கப்பட்டது: செராட்டோசிஸ்டிஸ் லுகுஓஹியா, செராட்டோசிஸ்டிஸ் ஹுலிஓஹியா. முதலாவது கொடியது. மரத்துக்குள் நீர் ஏறும் குழாய்கள் வழியே பரவி அவற்றை அடைத்துவிடுகிறது. இரண்டாவது ஓரிடத்தில் பட்டையைக் கெடுத்து மெதுவாகக் கொல்கிறது. அதே 2018-இல் கவாயிலும், 2019-இல் மாவியிலும் ஒவாஹுவிலும் நோய் கண்டறியப்பட்டது. பெரிய தீவில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இறந்துவிட்டன.

நலமான பட்டையைத் துளைத்து இந்தப் பூஞ்சை உள்ளே போவதில்லை. அதற்கு ஒரு காயம் வேண்டும். புல்வெட்டி உரசிய இடம், ஏணி சாய்த்த இடம், விளக்குத் தொங்கவிட அடித்த ஆணி, கட்டட வேலையில் வண்டி ஏறி நசுங்கிய வேர், பன்றியும் ஆடும் மாடும் உரித்த பட்டை, புயலில் முறிந்த கிளை. எது திறந்திருந்தாலும் அதன் வழியே போகும். இறந்த மரத்தைத் துளைக்கும் சிறு வண்டுகள் வெளியே தள்ளும் மரத்தூளில் பூஞ்சை உயிரோடு இருக்கிறது. அந்தத் தூள் காற்றிலும் மண்ணிலும் செருப்பிலும் வண்டிச் சக்கரத்திலும் அடுத்த மரத்தை அடைகிறது.

நோய் பற்றிய மரம் பல மாதங்கள் வெளியே எந்த அறிகுறியும் காட்டாது. பிறகு ஒரு கிளையோ முழு உச்சியோ மஞ்சளாகிப் பழுப்பாகும், இலைகள் உதிராமல் காய்ந்து தொங்கும். அந்த நிலைக்கு வந்தபின் குணப்படுத்த மருந்து இல்லை. அதனால்தான் தடுப்பைப் பற்றி இத்தனை அழுத்திச் சொல்கிறோம்.

மரம் பழுப்பாகிறது. இந்த நோய்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. வேரருகே மண் கொட்டி உயர்த்தியது, களைக்கொல்லி பட்டது, கடும் வறட்சி, வேரழுகல் எல்லாம் ஓஹியாவைக் கொல்லும். 1970-களில் பெரிய தீவில் பரந்த காடு ஒன்றாகக் காய்ந்தபோது எல்லோரும் நோயென்றே அஞ்சினார்கள். ஒரே காலத்தில் முளைத்த மரங்கள் ஒன்றாக மூப்படைந்து சாய்வதே அது என்று டீட்டர் முல்லர்-டோம்போய்ஸ் என்ற தாவரவியலாளர் விளக்கினார். அந்தக் காட்டில் பிறகு இளம் ஓஹியாக்கள் எழுந்தன. இப்போதைய சாவு அப்படியல்ல, இளசும் முதிர்ந்ததும் சேர்ந்தே சாகின்றன.

நீங்களே கோடரியால் கொத்திப் பார்க்காதீர்கள். படம் எடுத்து, உங்கள் தீவின் ஊடுருவல் இனக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கோ ஹவாய்ப் பல்கலைக்கழக வேளாண் விரிவாக்க அலுவலகத்துக்கோ அனுப்புங்கள். பயிற்சி பெற்றவர்கள் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள்.

இறந்த மரத்தை வெட்டிவிடலாமா?

வீட்டின்மீதோ பாதையின்மீதோ விழும் ஆபத்து இல்லையென்றால் நிற்கவிடுங்கள். அறுக்கும்போது பறக்கும் தூள் நோயைப் பரப்பும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் காற்றில்லாத நாளில் வெட்டி, துண்டுகளை அதே இடத்தில் தார்ப்பாயால் இறுக மூடி வையுங்கள். சீவலாக்கி வேறிடம் அனுப்பாதீர்கள், விறகென்று யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கவாத்து செய்யவே கூடாதா?

உருவ அழகுக்காகச் செய்யக்கூடாது. முறிந்த கிளை, வழி மறிக்கும் கிளை என்றால் செய்யலாம். முதலில் கருவியில் ஒட்டிய மண்ணையும் தூளையும் தூரிகையால் தேய்த்து எடுங்கள். அழுக்கின்மேல் மருந்து அடித்துப் பயனில்லை. பிறகு 70 சதவீத ஐசோபுரோப்பில் ஆல்கஹாலைச் சொட்டும்படித் தெளித்து அரை நிமிடம் விடுங்கள். பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்தும் பயன்படுத்தலாம். அன்றன்று கலக்க வேண்டும், பிறகு கழுவி எண்ணெய் தடவாவிட்டால் இரும்பு துருப்பிடிக்கும். கிளையை, அது தண்டோடு சேரும் சற்றுப் பருத்த கழுத்துப் பகுதியில் ஒரே சீராக வெட்டி, சில நிமிடத்துக்குள் கவாத்துக் காயப்பூச்சைத் தடவி மூடுங்கள். மற்ற மரங்களில் காயப்பூச்சு தேவையில்லை என்பது இன்றைய பொதுக் கருத்து. ஓஹியா அதற்கு விலக்கு. அடுத்த மரத்துக்குப் போகுமுன் கருவியை மறுபடி சுத்தம் செய்யுங்கள். காட்டுப் பக்கம் நடந்து வந்த செருப்புக்கும் இதே சுத்தம் வேண்டும்.

பூப் பறித்தால் மழை வரும் என்கிறார்களே?

எரிமலைத் தெய்வமான பெலே, ஓஹியா என்ற வீரனை விரும்பினாள். அவன் லெஹூவா என்ற பெண்ணை நேசித்தான். சினங்கொண்ட பெலே அவனை முறுக்கிய மரமாக்கினாள். லெஹூவாவின் துயரம் கண்ட மற்றத் தெய்வங்கள் அவளை அதே மரத்தின் பூவாக்கின. பூவைப் பறித்தால் காதலர் பிரிவார்கள், வானம் அழும் என்பது ஹவாயர் வழக்கு. ஹூலா நடனத்தில் லெஹூவா மாலைக்கும் லிகோ எனும் செந்துளிருக்கும் பெருமதிப்பு உண்டு. நோய் பரவியபின் பல ஹூலா குழுக்கள் காட்டிலிருந்து பறிப்பதை விட்டுவிட்டன. உங்கள் தோட்டத்து மரம் நன்றாகப் பூத்தால் அந்தக் கலைஞர்களுக்கு அதே தீவில் கொஞ்சம் கொடுக்க முடியும். கிழிக்காமல், சுத்தமான கத்தரியால் எடுங்கள்.

பக்கத்தில் எதை நடக்கூடாது?

ஸ்ட்ராபெரி கொய்யா. 1825-இல் ஹவாய்க்குக் கொண்டுவரப்பட்ட இந்தச் சிறு மரம் அடர்ந்த புதராகிப் பரவி, ஓஹியா நாற்று முளைக்க வெளிச்சமே இல்லாமல் செய்கிறது. தோட்டத்தில் இருந்தால் அகற்றுங்கள். வெட்டிய அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். பிடுங்கும்போது ஓஹியா வேரை அறுக்காமல் பாருங்கள். துணைக்கு ஹாபூ பெரணியும் பிற உள்ளூர்ச் செடிகளும் நல்லவை.

ஹவாய்க்கு வெளியே இதை வளர்க்கலாமா?

ஓஹியாவை வெளியே தேடி அலைவதைவிட அதன் உறவினர்களை நடுவது நல்லது. கலிபோர்னியக் கடற்கரையில் நியூசிலாந்தின் பொஹுடுகாவா பல பத்தாண்டுகளாகத் தெரு மரமாக நிற்கிறது. உப்புக் காற்றைத் தாங்கும், கடும் உறைபனியைத் தாங்காது. ஆனால் பெரிய மரம், நடைபாதையைத் தூக்கிவிடும். குறுகிய கீற்றில் நடாதீர்கள். சிறிய தோட்டத்துக்குத் தென் பசிபிக் தீவுகளின் மெட்ரோசிடெரோஸ் கொல்லினா பொருந்தும். அதன் ‘தஹிதி’ என்ற குட்டை ரகம் தொட்டியிலேயே பூக்கும். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கேப் பகுதியில் பொஹுடுகாவா தோட்டத்தைத் தாண்டிக் காட்டுக்குள் பரவிக் களையாகிவிட்டது. அங்கிருப்பவர்கள் நடுவதற்கு முன் உள்ளூர் விதிகளைப் பார்க்க வேண்டும்.